கடைத்தெருவுக்கு அடியில் ஒரு கோடு

நில அதிர்வு மையத்தில் அவளுக்குப் புள்ளி மேடம் என்று பெயர். கணினித் திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எது எதோடு சேரும், எது யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. "வீட்டுல பெரும்புள்ளி யாரு மேடம், நீங்களா உங்க வீட்டுக்காரரா?" என்று கருவிக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். அவளும் புதிதாகக் கேட்பதுபோல ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு நடுக்கம். பள்ளிக்கூடம், தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி, சில வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் என்று ஊர் முழுக்க மையம் சின்னச் சின்னக் கருவிகளை வைத்திருந்தது. அவை தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே நடுக்கம் எந்தக் கருவிக்கு முதலில் கேட்டது, எதற்குப் பிறகு கேட்டது என்று பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி. மேசைமேல் இருக்கும் தண்ணீரைக்கூட அசைக்காத நடுக்கங்கள்தான் எல்லாம். கருவிகளை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் கருவிக்காரர் பாடு. அவை சொல்வதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பது அவள் பாடு.

ஒரு வருடமாகக் கடைத்தெருப் பக்கம் புள்ளிகள் மொய்க்க ஆரம்பித்திருந்தன. பகலில் லாரியும் பஸ்ஸும் போகிற இரைச்சலில் அங்கே எந்தக் கருவிக்கும் எதுவும் காதில் விழாது. கடை அடைத்த பிறகு விழுந்தவை இவை. பழைய நடுக்கங்களோடு சேர்ந்து கிடந்ததில், எது புதிய கூட்டம், எது எப்போதும் இருப்பது என்று பிரிக்க முடியவில்லை.

முதலில் எத்தனை கூட்டம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டிய கணினி முறையை ஓட்டிப் பார்த்தாள். ஐந்து என்றாள், ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தது. ஒன்பது என்றாள், மறுபேச்சில்லாமல் ஒன்பது கொடுத்தது.

"இது புது மாப்பிள்ளை மாதிரி. எதைச் சொன்னாலும் தலையாட்டுது. நம்ப முடியாது" என்றாள் கருவிக்காரரிடம்.

அடுத்து, நெருக்கத்தைப் பார்க்கிற முறை. ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடவேண்டும். அதற்குள் போதுமான புள்ளிகள் இருந்தால் அவையெல்லாம் ஒரே கூட்டம். அந்தப் புள்ளிகளைச் சுற்றியும் வட்டம் போட்டு, அங்கே இருப்பவற்றையும் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். எந்த வட்டத்திலும் சேராத புள்ளி வெறும் இரைச்சல் என்று ஒதுக்கப்படும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வட்டத்தைச் சின்னதாகப் போட்டால் ஊரே இரைச்சல் ஆகிவிட்டது. கொஞ்சம் பெரிதாக்கினாள். ஒரு கூட்டம் பக்கத்துக் கூட்டத்தின் கையைப் பிடித்தது, அது அடுத்ததன் கையைப் பிடித்தது. கடைத்தெருவின் மேற்கு முனையில் ஆரம்பித்து முக்கால் தெரு தூரத்துக்குப் புள்ளிகள் ஒரே சரமாகக் கோர்த்துக்கொண்டு நின்றன.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஆள் தங்கமானவர், ஆனால் அவசரக்காரர். படியில் ஏறும்போதுகூட இரண்டு இரண்டாகத்தான் ஏறுவார்.

"கோடு!" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "நேர்க்கோடு! புள்ளி மேடம், இது நிலப்பிளவு. இதுவரைக்கும் யாருமே பார்க்காத பிளவு. நம்ம காலுக்கு அடியிலேயே!" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார். ஆழம் சரியா வரமாட்டேங்குது. எல்லாமே தரையோட தரையா காட்டுது."

"ஆழம் அப்புறமா சரியாகும். கோடு பொய் சொல்லுமா?"

"வட்டத்தைப் பெருசா போட்டா எதுவும் கோடா வரும் சார்."

"நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்க. அதுக்குத்தான் உங்களை வச்சிருக்கோம், சந்தோஷம். வெள்ளிக்கிழமை நகராட்சிக்குச் சொல்லியாகணும். அந்தத் தெருவுல புதுசா பிரசவ ஆஸ்பத்திரி கட்டப் போறாங்க. பிளவு மேல அஸ்திவாரம் போடவிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. பிளவு உண்மையாக இருந்து சொல்லாமல் விட்டால் பாவம். இல்லாத பிளவைச் சொல்லி ஆஸ்பத்திரியை நிறுத்தினால் அதுவும் பாவம். மூன்றாம் நாள் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவன், அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்கா. கணவன் சோபா பழுது பார்ப்பவன். கீழே பட்டறை, மேலே வீடு. சட்டையில் எப்போதும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். சமையல் அவன் பொறுப்பு. அண்ணி பல் மருத்துவமனையில் உதவியாளர். "நாள் முழுக்க அடுத்தவங்களை வாயைத் திறங்கன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்தா என்னை மட்டும் வாயை மூடுங்குது" என்று தம்பிக்காரன் அலுத்துக்கொள்வான். அண்ணியின் குரல் அப்படி. ஒரு தடவை "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் வரைபடத்தை விரித்துவிட்டாள். கணவன் முணுமுணுத்தபடி தட்டுகளை அதன்மேலேயே வைத்தான். அண்ணி வந்து நாற்காலியை இழுத்துப் போட்ட விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"இந்த இடமும் போச்சு" என்றாள் அண்ணி. "மெத்தைக் கடைக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். மேல நாங்க மிதிச்சா கீழ அவரோட கல்லாப்பெட்டி நகருதாம்."

"நல்லதுதானேக்கா. அதுவே நடந்து பேங்குக்குப் போயிடும்" என்றான் கணவன்.

"சிரிக்காதடா. வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

அண்ணி ஒரு மிதியாட்டக் குழுவில் இருந்தாள். நர்சுகள், கொத்தனார்கள், பஸ் டிரைவர்கள், ஒரு வங்கி மேலாளர் என்று இருபது இருபத்தைந்து பேர். கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒரே அடியாகத் தரையை மிதித்து ஆடுவது. வேறு வாத்தியம் கிடையாது, காலே மேளம். இடம் கிடைக்கிற நாளில் ஒத்திகை. புள்ளி மேடத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வந்து பாரேன் என்று அண்ணி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். "வர்றேங்கண்ணி" என்று இவளும் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள். தலைக்குள் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பேச்சு எதுவும் உள்ளே இறங்கியதில்லை. இப்போதும் அவள் தட்டுக்கும் வரைபடத்துக்கும் நடுவே எங்கோ பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"செருப்புக் கிடங்குல எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று அண்ணி தொடர்ந்தாள். "அலமாரியில இருந்து ஒரு பெட்டி விழுந்துச்சுன்னு துரத்திட்டான். அப்புறம் அச்சகத்துப் பின்கட்டு. எழுத்தெல்லாம் கோணலா விழுதுன்னான். அப்புறம் மூடிக்கிடந்த தியேட்டர். அங்க என்ன குறை? வௌவால் மட்டும்தான் கீழ விழுந்துச்சு. இப்போ மெத்தைக் கடை. தெருவுல வரிசையா எல்லாப் படியும் ஏறி இறங்கியாச்சு."

புள்ளி மேடத்தின் கையில் இருந்த ரொட்டி பாதி வழியில் நின்றது.

"அண்ணி, எந்தத் தெரு?"

"எந்தத் தெருவா? கடைத்தெருதான். ஒரு வருஷமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன், சுவத்துகிட்டயா?"

"மறுபடி முதல்ல இருந்து சொல்லுங்க."

"எதை?"

"உங்களைத் துரத்துன கதையை."

"துரத்துனாங்களா? நாங்களா காலி பண்ணோம்!" என்றாள் அண்ணி விறைப்பாக. ஆனாலும் சொன்னாள்.

புள்ளி மேடம் ஒவ்வொரு தட்டாக நகர்த்திவிட்டு வரைபடத்தில் விரலை வைத்தாள். செருப்புக் கிடங்கு. விரலுக்கு அடியில் கன்னங்கரேலென்று புள்ளிகள். அச்சகம். அங்கேயும் அப்படியே. தியேட்டர். மெத்தைக் கடை. அதோடு கோடு முடிந்துவிட்டது. மேற்கிலிருந்து கிழக்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

"ஏன் எல்லாம் ஒரே தெருவுல? அதுவும் பக்கத்துல பக்கத்துல?"

"பூட்ஸ் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில இருக்கு. அதை அதுக்கு மேல யாரு தூக்கிட்டுப் போறது? எங்க இடுப்பு தாங்குற தூரம் அவ்வளவுதான்."

புள்ளி மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோளில் ஆரம்பித்து, பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கணவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"அண்ணி, நீங்கதான் நிலநடுக்கம்!"

அண்ணியின் முகம் மாறியது. "என்னது? நான் குண்டா இருக்கேன்னு குத்திக் காட்டுறியா?"

"ஐயோ இல்லண்ணி, சத்தியமா இல்ல!" என்று எழுந்துபோய் அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிப் பிடித்ததில்லை. அண்ணி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தாள். தம்பிக்காரன் ரொட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் விளக்குப் போடுவதற்கு முன்பே அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது காலத்தையும் சேர்த்தாள். இரண்டு புள்ளிகள் கூட்டாளி ஆகவேண்டுமென்றால் இடத்தில் நெருக்கமாக இருந்தால் போதாது, நாளிலும் நெருங்கியிருக்க வேண்டும். ஓட்டினாள். ஒரே சரமாக நின்ற கோடு படபடவென்று அறுந்தது. நான்கு கொத்துகள். முதல் கொத்து அடங்கிய பிறகுதான் இரண்டாவது பிறந்திருந்தது. இரண்டாவது ஓய்ந்த பிறகு மூன்றாவது. எந்த நிலப்பிளவும் இப்படி வீடு காலி செய்துகொண்டு போகாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே கொஞ்ச நாள் ஒரு புள்ளிகூட இல்லை. வீட்டுக்குத் தொலைபேசினாள்.

"அண்ணி, அச்சகத்துக்கும் தியேட்டருக்கும் நடுவுல ஆட்டத்தை நிறுத்தியிருந்தீங்களா?"

"மறந்துட்டியா? எனக்குக் கணுக்கால் பிசகுச்சே. நான் இல்லாம எப்படி ஆடுவாங்க?"

இயக்குநர் நம்பவில்லை. நம்பப் பிடிக்கவில்லை என்பதுதான் சரி. நான்கு நாளாக அந்தப் பிளவோடு மனதுக்குள் குடித்தனம் நடத்தியிருந்தார்.

"டான்ஸா? இருபது பேர் மிதிச்சா நம்ம கருவி எல்லாத்துக்கும் கேக்குமா?"

"தனித்தனியா மிதிச்சா கேக்காது சார். எல்லாரும் ஒரே நொடியில மிதிச்சா கேக்கும். நீங்களே வந்து பாருங்க. புது இடம் கிடைச்சிருக்காம், கண்ணாடிக் கடை மாடி."

"கண்ணாடிக் கடை மாடியா!"

"வேற யாரும் தரலையாம்."

புறப்படும் முன் வரைபடத்தில் கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டாள். அங்கே இதுவரை ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை. இன்றைக்கு அங்கே விழுந்தால் அவள் சொன்னது சரி. விழாவிட்டால் பிளவு என்றே நகராட்சிக்குச் சொல்லிவிடலாம். கருவிக்காரர் மையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

கடைகள் அடைத்ததும் இயக்குநரும் அவளும் மாடி ஏறினார்கள். நீளமான கூடம், ஒரு பக்கம் காலிச் சட்டங்கள் சாய்ந்திருந்தன. குழுவினர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த இயக்குநரைப் பார்த்ததும் ஒரு டிரைவர் எழுந்து, "சார் யாரு, நகராட்சியா? நாங்க இப்பவே போயிடுறோம்" என்றார்.

"இல்லைங்க. ரசிகர்" என்றாள் புள்ளி மேடம்.

இயக்குநர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அண்ணி முன்னால் வந்து நின்றாள். வீட்டில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. முதுகு நிமிர்ந்து, முகவாய் தூக்கி, கை இரண்டும் இடுப்பில். "ஆங்!" என்றாள். அந்தக் குரலுக்கு ஐம்பது கால்கள் காத்திருந்தன.

முதல் மிதி விழுந்தது. புள்ளி மேடத்துக்கு அது காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. பிறகு குதிகால், முன்கால், இடது, வலது என்று பிரிந்து, ஓடி, மறுபடி ஒன்றாகி, தடாலென்று விழுந்தது. வங்கி மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். கொத்தனார் இருவர் எதிரெதிரே நின்று சண்டைக்காரர்கள் மாதிரி மிதித்துச் சிரித்தார்கள். ஆறு மாதமாகத் திரையில் அவளைத் தலையை உடைத்துக்கொள்ள வைத்த புள்ளிகள் இப்போது எதிரே வியர்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டினாள்.

"சார்! சார்!" என்று கைப்பேசியில் கருவிக்காரர் கத்தியது அவளுக்கே கேட்டது. "வந்தாச்சு! தபால் நிலையத்துல வந்தாச்சு, தொட்டியில வந்தாச்சு! சிவப்புக் குறி மேலயே விழுது!"

இயக்குநர் மெதுவாக எழுந்தார். கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஒரு கணம் அவர் முகம் பலூன் இறங்கியதுபோல இருந்தது. பிறகு உதடு துடித்தது. "இந்தக் கால்களையா நான் பிளவுன்னு நினைச்சுக்கிட்டு... அதுக்கு என் சம்சாரம் பேரை வைக்கலாம்னுகூட இருந்தேன்" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் கண்ணாடிக் கடைக்காரர் படியேறி வந்தார். நெஞ்சோடு ஒரு நிலைக்கண்ணாடியைக் குழந்தைபோல அணைத்திருந்தார்.

"நடன வகுப்புன்னு சொன்னீங்க" என்றார். அழாத குறை. "மெல்ல ஆடுவீங்கன்னு நினைச்சேன். கீழ ஒவ்வொண்ணையும் ஓடி ஓடிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு ரெண்டு கைதாங்க இருக்கு."

ஆட்டம் நின்றது. ஒவ்வொருவராகக் குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். யாரும் கோபப்படவில்லை, பழகிவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார்" என்றாள். "நடுக்கம் எங்க வரும், எந்த நொடியில வரும்னு துல்லியமா நமக்கு முன்னாடியே தெரிஞ்சா என்ன பண்ணலாம்?"

"தரைக்கு அடியில அலை எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு அளக்கலாம். நம்ம கணக்கு முழுக்கச் சரியாகும். அதுக்குத்தானே வருஷா வருஷம் தரையை இடிக்கிற லாரி கேட்டு அலையுறோம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். திரும்பி அந்தக் கால்களைப் பார்த்தார். அவர் கண்ணில் பழைய அவசரம் வந்துவிட்டது.

"யாரும் பூட்ஸைக் கழட்டாதீங்க!" என்றார். "எங்க மையத்துக்குப் பின்னால பாறைத் துண்டெல்லாம் வைக்கிற பெரிய கொட்டகை இருக்கு. சிமென்ட் தரை. மேலயும் ஆள் இல்ல, கீழயும் ஆள் இல்ல. எப்ப வேணாலும் வந்து ஆடுங்க. நாங்க சொல்ற இடத்துலயும் அப்பப்ப வந்து மிதிக்கணும், பூங்கா, விளையாட்டு மைதானம், இப்படி."

அண்ணி இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஒரு நிபந்தனை. நடுவுல நிறுத்தச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டோம்."

"யாருமேவா?"

"யாருமே."

கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலில் கை தட்டினார். கண்ணாடியைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் தட்டினார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப்போலச் சந்தோஷமான வாரங்கள் அந்த மையத்தில் இருந்ததில்லை. குழு ஊரில் பல இடங்களில் போய் மிதித்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கருவிக்காரர் நிறுத்துகடிகாரத்தோடு ஓடினார். கடைத்தெருவுக்கு அடியில் பிளவு இல்லை என்று இயக்குநரே நகராட்சிக்குப் போய்ச் சொன்னார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள்.

புள்ளி மேடம் மிதியாட்டப் புள்ளிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, புதிதாக அளந்த வேகத்தை வைத்து மிச்சத்தை மறுபடி கணக்குப் போட்டாள். வருடக்கணக்காக இரைச்சல் என்று தள்ளிவைத்திருந்த சில புள்ளிகள், ஊருக்கு வடக்கே சிதறிக் கிடந்தவை, ஒவ்வொன்றாக இடம் மாறின. திரையில் அவை நகர்ந்து நகர்ந்து, குன்றுக்கு அடியில் நல்ல ஆழத்தில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சேர்ந்து நின்றன. வட்டத்தைச் சின்னதாக்கினாள், கலையவில்லை. பெரிதாக்கினாள், வேறு எதோடும் போய் ஒட்டவில்லை. காலத்தைச் சேர்த்தாள், அசையவில்லை. அங்கே யாரும் ஆடவில்லை. பாறைதான் தன்பாட்டுக்கு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். யாரையாவது கூப்பிட வேண்டும். ஆனால் ஒரு நிமிடம் யாரையும் கூப்பிடவில்லை. உலகத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆளாகச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் படியில் மும்மூன்றாக ஏறி வந்தார். திரையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "கொஞ்சம் பொறுங்க, சரிபார்த்துடுவோம்னு சொல்லுவீங்களே?" என்றார்.

"சரிபார்த்தாச்சு சார்."

அன்றைக்கு மாலை கொட்டகையில் ஒத்திகை. கணவன் பட்டறையிலிருந்து பஞ்சோடு வந்திருந்தான். அண்ணி ஒரு ஜோடி பூட்ஸைத் தூக்கி வந்து புள்ளி மேடத்தின் முன்னால் தொப்பென்று போட்டாள்.

"வர்றேன் வர்றேன்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்க. போடு."

"எனக்குத் தாளமே வராதுண்ணி."

"உனக்கு யாரு தாளம் போடச் சொன்னா? மிதி."

வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அண்ணி "ஆங்!" என்றாள். எல்லாக் கால்களும் விழுந்தன. அவள் கால் ஒரு நொடி கழித்து விழுந்தது. மறுபடி. மறுபடியும் அப்படியே. கொட்டகை ஜன்னலுக்கு வெளியேயிருந்து கருவிக்காரர் தலையை நீட்டினார்.

"எல்லாம் பிரமாதமா பதிவாகுது. ஒரு கால் மட்டும் தனியா பின்னால வருது. அது யாரு?"

"என் தம்பி பொண்டாட்டி" என்றாள் அண்ணி, கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில், பெருமையாக. "ஆங்!"